நாலாவது கண்டிஷன்

நூலைப் பார்த்ததும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அடக்கிக்கொள்ளப் பார்த்து, முடியாமல் சிரித்தாள், அதுதான் செண்பகவல்லிக்குச் சுருக்கென்று பட்டது. “மேடம், இப்பல்லாம் நூல் கட்டுறதில்ல. அடிஷனல் ஷீட்டே கெடையாது. நாப்பது பக்கம் புக்லெட் ஒண்ணு குடுப்போம், எல்லாத்தையும் அதுக்குள்ளயே எழுதிரணும்.” ஹால் சூப்பர்வைசராம். மிஞ்சிப்போனால் இருபத்தாறு வயசு இருக்கும். இவள் எல்கேஜியில் அழுதுகொண்டிருந்த காலத்தில் செண்பகம் இதே கல்லூரியில், இதே மாடியில், இதே பேப்பரை எழுதிக்கொண்டிருந்தாள். தீக்குச்சியில் சுற்றிக் கொண்டுவந்த வெள்ளை நூலை மறுபடியும் பவுச்சுக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மகள் மிருதுளாவின் பவுச்சு, மேலே ரோஸ் கலரில் ஒரு பூனை வேறு. ஹாலில் மொத்தம் பதினோரு பேர். முன் பெஞ்சில் ஒரு வழுக்கைத் தலை. ஜன்னலோரம் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் வினாத்தாளைப் படிக்கத் தோதான தூரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எல்லாரும் அரியர் வைத்தே நரைத்தவர்கள். அவர்களுக்கு நடுவில் மாம்பழக் கலர் பட்டும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக இவள். என்ன செய்ய, மாமியாரிடம் பழைய மாணவிகள் சந்திப்பு என்று சொல்லியாகிவிட்டது. சந்திப்புக்குப் போகிறவள் பழைய வாயில் சேலையிலா போவாள்? “நல்லதாக் கட்டிட்டுப் போ, அங்க வாரவ எல்லாம் இன்ஜினியரு” என்று மாமியாரே பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பட்டு இப்போது முதுகில் வேர்த்து ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது.

எம்-த்ரீ. மூன்றாவது செமஸ்டர் கணக்குப் பேப்பர். நாலு வருஷத்தில் ஐம்பத்திரண்டு பேப்பர், ஐம்பத்தொன்று பாஸ், இது ஒன்று மட்டும் தொண்டையில் மாட்டின மீன்முள். ஐம்பது வந்தால் பாஸ். முதல் தடவை நாற்பத்தொன்று. அப்புறம் முப்பத்தெட்டு, நாற்பத்துநாலு, ஒரு தடவை இருபத்தொன்பது, அப்போது அம்மை போட்டிருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கடைசியாக நாற்பத்தேழு. நாற்பத்தேழு வந்த வாரம்தான் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. அப்பா நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஒன்றை எடுத்து நீட்டினார். செல்வி செண்பகவல்லி, பி.இ. தங்க எழுத்து. “அப்பா, இன்னும் ஒரு பேப்பர் இருக்குல்லா.” “ஒண்ணுதானம்மா. அம்பத்தொண்ணு பாஸ் பண்ணினவளுக்கு ஒண்ணு வராமலா போயிரும்? அச்சடிச்சது அடிச்சதா இருக்கட்டும், நீ பெறவு பாஸ் பண்ணிக்க.” அறுநூறு பத்திரிகை ஊர் ஊராகப் போனது. அதில் ஒன்று மாமியார் வீட்டு ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தூசி தட்டும்போதெல்லாம் அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்துத்தான் தட்டுகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார், “எங்க மருமக இன்ஜினியரு, வேலைக்குத்தான் நாங்க அனுப்பல” என்பார். அந்த நேரம் செண்பகத்துக்குக் காப்பி போட அடுக்களைக்குள் போகிற அவசரம் வந்துவிடும். புருஷனுக்கு மட்டும் தெரியும். சிதம்பரநாதனிடம் முதல் வருஷமே சொல்லிவிட்டாள். அவர், “சரி, எங்கம்மாட்ட சொல்லாத” என்றதோடு சரி. அப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வந்த நர்ஸிடம், “எம்மக பி.இ.” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டு வந்தது அழுகையா ஆத்திரமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பழைய பாடத்திட்டத்தை மூடப்போகிறோம், அரியர் வைத்திருப்பவர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு என்று யூனிவர்சிட்டி அறிவித்தது. இதுவும் போனால் ஐம்பத்தொன்றும் சேர்ந்து போகும், தங்க எழுத்து பொய்யாகவே நின்றுவிடும். அந்த அறிவிப்பைப் போனில் அனுப்பியது ஹாஸ்டலில் கூட இருந்த ஜெபராணி. கூடவே ஒரே வார்த்தை, ‘எழுது.’ செண்பகம் அதற்குப் பதில் போடவில்லை.

இரண்டு மார்க் கேள்வி பத்து. எழுத எழுதக் கை பழகிக்கொண்டது. இரண்டு மாசமாகக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அடுப்படியில் யூடியூபில் கேட்ட பாடம், “ஓகே ஸ்டூடண்ட்ஸ், கவனிங்க” என்று ஆரம்பிக்கும் அந்தத் தம்பியின் குரல், மருமகள் சாமிப்பாட்டு கேட்கிறாள் என்று மாமியாருக்கு அத்தனை சந்தோஷம். ஏழு கேள்வி நிச்சயம் சரி. ஜன்னலுக்கு வெளியே கரண்ட் எடுக்கிற காற்றாடி சுற்றுகிறது. அந்தக் காலத்தில் இந்தக் காற்றாடிகள் கிடையாது, வெறும் கரிசல்காடு, மழை பெய்தால் செருப்பில் ஒரு கிலோ மண் ஏறும், ஹாஸ்டல் வாசலில் குச்சியை வைத்துச் சுரண்டிக்கொண்டு நிற்போம், ஜெபராணி மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வருவாள். சாயர்புரத்துக்காரி. ரூம் நம்பர் பதினேழு. நெட்டையாக, எண்ணெய் வழிய ரெட்டைச் சடை, காலேஜுக்கு வந்த பிறகும் ரெட்டைச் சடை போட்ட ஒரே பிறவி. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அவளை விட்டால் ஆள் கிடையாது. ராத்திரி ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடிக்கொண்டே, “செம்பகத்துக்கு இன்டெக்ரேஷன் வரட்டும் ஆண்டவரே” என்று சத்தமாகச் சொல்லுவாள், ரூமே சிரிக்கும். புதன்கிழமை மெஸ்ஸில் தக்காளிச் சாதம், அதில் இருக்கும் முந்திரியை எனக்குப் பொறுக்கிப் போடுவாள். அவளுக்கு முந்திரி பிடிக்காது என்று சொன்னதை நான் நம்பினேன். பிடிக்காதா என்ன, எந்த ஊரில் யாருக்கு முந்திரி பிடிக்காது? இதை இப்போது போய் நினைத்து மனசு இளகுவானேன். அவள் என்ன செய்தாள் என்பதை மறக்கலாமா? இந்த ஹாலில்தான், இல்லை, பக்கத்து ஹாலோ. எனக்குப் பின்னால் அவள். கொடிக் கணக்கு, இரண்டு முனையும் கட்டின கயிறு ஆடுகிற கணக்கு, பதினாறு மார்க், கடகடவென்று போட்டு முடித்தேன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கு நடுவில் நிற்காமல் ஓடியது. அந்த ஷீட்டை ஜெபராணி வாங்கினாள். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்துவிட்டார். அவள் பயத்தில் தன் பேப்பருக்கு அடியில் சொருகினாள். பெல் அடித்தது. அப்படியே எல்லாவற்றையும் சேர்த்து நூலைக் கோர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள், அவர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். என் பதினாறு மார்க் அவள் கட்டோடு போனது. நாற்பத்தொன்றும் பதினாறும் ஐம்பத்தேழு. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூட்டலைச் செண்பகம் எத்தனை தடவை போட்டிருப்பாள்? குக்கர் விசில் எண்ணும்போதும் போட்டிருக்கிறாள். பிறந்தநாள் தவறாமல் அவள் போன் பண்ணுவாள், நாகர்கோவிலில் காலேஜ் மிஸ்ஸாம் இப்போது, கணக்குத்தான், வேறென்ன. “நல்லாருக்கியாட்டி?” “ம், இருக்கேன்.” அவ்வளவுதான்.

பெரிய கேள்விகளில் முதல் இரண்டைத் தட்டித்தடவி முடித்தாள், மூன்றாவது அரைகுறை, நாலாவது சுத்தமாகத் தெரியாது. மனக்கணக்குப் போட்டால் நாற்பது வரும், தாராள மனசுக்காரர் திருத்தினால் நாற்பத்திரண்டு. மிச்சம் இருப்பது ஒரு கேள்வி. இது வேண்டாம் என்றால் அது என்று இரண்டு கொடுத்திருப்பார்கள், எப்போதும் ஒன்று கொடி, ஒன்று சூடான கம்பி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கொடியின் பக்கமே அவள் போனதில்லை, எழுதின எல்லாத் தடவையும் கம்பிதான். இன்றைக்கும் கம்பியைத்தான் மூன்று நோட்டுக்குப் போட்டுப் பழகியிருந்தாள். தாளைத் திருப்பினாள். இரு முனையும் கட்டப்பட்ட ஒரு கொடி, இழுத்துப் பிடித்து விடப்படுகிறது. அல்லது, இரு முனையும் கட்டப்பட்ட ஒரு கொடி. அடப்பாவிகளா, இரண்டும் கொடியா! முதல் கொடி அதே கொடி, வார்த்தைக்கு வார்த்தை அன்றைக்கு வந்தது. மணி பன்னிரண்டு பத்து, ஒரு மணிக்குப் பெல். பயப்படாதே, உனக்கு இது தெரியும், ஒரு தடவை சரியாகப் போட்டவள்தானே, அன்றைக்குப் போட்டதை அப்படியே திருப்பிப் போடு. கண்ணை மூடி அந்த ஷீட்டைக் கொண்டுவரப் பார்த்தாள். நீல மை வந்தது. மேலே போட்ட கேள்வி நம்பர் வந்தது. ஓரத்தில் நூல் கோர்க்கிற ஓட்டைகூட வந்தது. கணக்கு வரவில்லை. இரண்டு வரி வந்து, அதற்குப் பிறகு வெறும் வெள்ளை. இத்தனை வருஷம் பத்திரமாகக் கட்டிக் காத்த ஷீட்டு, அதில் இரண்டு வரிதானா இருக்கிறது? அதற்குப் பதிலாக வந்தது ஹாஸ்டல் மொட்டைமாடி. சாயங்காலம், எல்லார் நைட்டியும் காய்கிற கொடி, ஜெபராணி துணியை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு நைலான் கயிற்றை நடுவில் பிடித்து இழுக்கிறாள். “ஏட்டி, இங்க பாரு. மொத கண்டிஷன், இந்த முனை ஆடாது, ஏன்னா தூண்ல கட்டியிருக்கு. ரெண்டாவது, அந்த முனையும் ஆடாது. மூணாவது, நான் இன்னும் விடல, சும்மா இழுத்துப் புடிச்சிருக்கேன், அப்ப வேகம் பூஜ்யம். மூணும் பூஜ்யமா? நாலாவதுதான் எந்த ரூபத்துல இழுத்துப் புடிச்சிருக்கேங்கது. அதுல மட்டும்தான் சரக்கு இருக்கு. அதக் கடைசில போடணும். மூணு பூஜ்யத்தையும் மொதல்ல முடிச்சிரு, நீ அவசரக்குடுக்கை, சரக்கப் பாத்ததும் பாய்ஞ்சிருவ.” சொல்லிவிட்டு அவள் விட்டாள், கொடி விர்ரென்று ஆடியது, யாருடைய பாவாடையோ பறந்து மெஸ் கூரையில் விழுந்தது, இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் வார்டன் மேலே வந்துவிட்டார். அந்தச் சிரிப்பு இப்போது ஹாலுக்குள் செண்பகத்தின் உதட்டுக்கு வந்துவிட்டது. எழுத ஆரம்பித்தாள்.

இந்த முனை ஆடாது. அதற்கு அரைப் பக்கம். அந்த முனை ஆடாது. அதற்கு இன்னொரு அரைப் பக்கம், பக்கத்தைத் திருப்பினாள். வேகம் பூஜ்யம், அதை வைத்து ஒன்றைக் கழித்துக்கட்டி, மிச்சத்தை எல்லாம் சேர்த்துப் பொதுவாக ஒரு விடை எழுதியபோது இரண்டாவது பக்கம் நிறைந்துவிட்டது. இனித்தான் நாலாவது. இழுத்துப் பிடித்த ரூபத்தில் மூன்று அடுக்காக வந்திருக்கும் அந்த சைனை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும், பிரித்தாள், ஒவ்வொன்றாக எதிரெதிரே வைத்துப் பொருத்தினாள், மூன்றாவது பக்கத்தைத் திருப்பிய கை அப்படியே நின்றது. எத்தனை பக்கம்? மூன்று முடிந்து நாலாவதில் இருக்கிறேன். மூன்றரைப் பக்கம் பிடிக்கிற கணக்கு இது, இதைவிடச் சுருக்க முடியாது, அந்த யூடியூப் தம்பிக்கும் போர்டு பத்தவில்லை. அன்றைக்கு நான் போட்டது எத்தனை பக்கம்? வேண்டாம், அதை யோசிக்காதே, எழுதி முடி. ஒரே ஷீட்டு. ஷீட்டுக்கு இரண்டு பக்கம். இல்லை. கை பின்னால் போகிறது, ஷீட்டு ஜெபராணியின் கைக்குப் போகிறது, அவள் படித்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புகிறாள், நான் கழுத்தை ஒடித்துக் கடைக்கண்ணால் பார்க்கிறேன், பின்பக்கம் வெள்ளை. வெள்ளைவெளேர் என்று ஒன்றுமே இல்லாமல். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை! இத்தனை வருஷமும் அதைத் திருட்டு முழி என்றே செண்பகம் நினைத்து வைத்திருந்தாள். ஒரு பக்கத்தில் முடித்திருக்கிறேன். மூன்று பூஜ்யத்தையும் தாண்டி நேரே சரக்கில் பாய்ந்திருக்கிறேன், மூன்று அடுக்கைப் பிரிக்கவே இல்லை, அதனால்தான் நடுவில் நிற்காமல் அப்படி ஓடியது. பதினாறுக்கு மூன்று போட்டிருப்பார்கள், ரொம்பப் பாவம் பார்த்தால் நாலு. நாற்பத்தொன்றும் நாலும் நாற்பத்தைந்து. ஃபெயில். அப்போதும் ஃபெயில்தான். இன்னும் ஒன்று. கை பின்னால் போனது என்று இப்போது நினைத்தேனே, யாருடைய கை? அவள் வாங்கினாள் என்றால் அவள் கை அல்லவா முன்னால் வந்திருக்க வேண்டும்? “சரியான்னு பாத்துக் குடுட்டி” என்று கிசுகிசுத்தது யார்? நான்தான். அவளுக்கு எதற்கு என் ஷீட்டு, கணக்கில் அவளை விட்டால் ஆள் கிடையாதே. நான்தான் நீட்டினேன், அவள் எனக்காக மாட்டியிருப்பாள், மாட்டியிருந்தால் அவள் மூன்று வருஷம் பரீட்சையே எழுதியிருக்க முடியாது. இதை எந்த நாளில், எந்த வருஷத்தில் நான் திருப்பிப்போட்டு வைத்துக்கொண்டேன்? புக்லெட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்து கடைசி வரியின் மை பரவியது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து, “மேடம், தண்ணி வேணுமா?” என்றாள். “வேண்டாம்மா, டைம் எவ்வளவு இருக்கு?” “பத்து நிமிஷம்.” பரவின வரியை அடித்துவிட்டு அதற்குக் கீழே தெளிவாகத் திரும்ப எழுதினாள். பதினாறுக்குப் பதினாறு. நாற்பதும் பதினாறும் ஐம்பத்தாறு. கூட்டல் வந்தது, சந்தோஷம் வரக் காணோம்.

பெல் அடித்தது. பழக்கதோஷத்தில் பவுச்சைத் திறந்து நூலைத் தேடின கையை அவளே அடக்கினாள். கீழே வந்து பைக்குவியலில் போனை எடுத்துக்கொண்டு, மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தாள். நல்ல வெயில். நிழற்குடையில் ஆள் இல்லை. ஜெபராணியின் பேரைத் தொட்டாள், ஒரு ரிங்குகூட முழுசாகப் போகவில்லை.

“சொல்லுட்டி, எழுதிட்டியா?”

பதிலே போடாதவள் எழுதப் போயிருப்பாள் என்று ஜெபராணிக்கு எப்படித் தெரியும்? தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“எழுதிட்டேன்.”

“என்ன வந்துச்சு?”

“கொடி. அன்னைக்கு வந்த அதே கொடி.”

அந்தப் பக்கம் பிள்ளைகள் பேசிக்கொண்டு போகிற இரைச்சல் கேட்டது, காலேஜ் வராந்தாவில் நிற்கிறாள் போல.

“ஜெபா, அன்னைக்கு நான் போட்டது தப்புட்டி.”

“ம்.”

“ஒனக்குத் தெரியுமா?”

“பாத்ததுமே தெரியும். பென்சில்ல ஒரு வரி எழுதித் திருப்பித் தரணும்னுதான் வச்சிருந்தேன். அதுக்குள்ள அந்த மனுசன் வந்துட்டாரு.”

“பின்ன ஏன்ட்டி சொல்லல? இருபத்திரண்டு வருசம் ஒன்ன என்னல்லாம் நெனச்சேன் தெரியுமா?”

“வெளிய வந்து வேப்பமரத்தடியில உக்காந்து அழுத. வாழ்க்கையில மொத தடவையா எனக்குச் சரியா வந்துச்சு, அதையும் நீ கட்டிட்டுப் போயிட்டன்னு சொன்ன. அந்த நேரத்துல எப்படிட்டி சொல்ல? பெறவு ஒவ்வொரு தடவை அரியருக்கு அப்ளிகேஷன் போடும்போதும் அதைத்தான் சொல்லுவ. எனக்கு வரும், ஒரு தடவை வந்துருக்குன்னு. அதையும் புடுங்கிட்டா நீ எழுதவே போயிருக்க மாட்ட. எம்மேலதான கோவம், இருந்துட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன்.”

செண்பகம் பட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மாமியார் பார்த்தால் உயிர் போய்விடும்.

“ஏ, அழாத. இன்னைக்கு எத்தனை பக்கம் வந்துச்சு?”

“மூணரை.”

“மூணரையா?” ஜெபராணியின் குரலே மாறிவிட்டது. “சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு.”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பார்த்தார். இவள் ஏறவில்லை, பஸ் போய்விட்டது. செண்பகவல்லி ஒரு விரலை மடக்கி, இந்த முனை ஆடாது என்று ஆரம்பித்தாள். ஜெபராணி மொட்டைமாடியில் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்ட மாதிரியே ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தாள். அந்த முனை ஆடாது. ம். விடும்போது வேகம் பூஜ்யம். ம். மூன்றையும் முடித்து, நாலாவதைச் சொல்லி, மூன்று அடுக்கைப் பிரித்து, கடைசி வரி வரைக்கும் ஒரு மூச்சில் சொன்னாள். “பட்டுச்சேலையக் கட்டிட்டு ரோட்டுல நின்னு ஒப்பிக்கேன்ட்டி, வீட்ல பழைய மாணவிகள் சந்திப்புன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்” என்று அழுகையும் சிரிப்புமாக அதோடு சேர்த்துச் சொன்னாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“பாஸ்ட்டி நீ” என்றாள் ஜெபராணி. “போய் ஒங்க மாமியார்ட்ட சந்திப்பு நல்லா நடந்துச்சுன்னு சொல்லு.”